அந்த 18 கிராம் எங்கிருந்து வந்தது?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியக் காடையில் நான்காம் வார எடைக்காக ஐந்து தலைமுறை தேர்வு செய்திருக்கிறீர்கள். கூட்டத்தின் சராசரி 168 கிராமில் தொடங்கி 195 கிராம் வரை வந்திருக்கிறது. தேர்வே செய்யாமல் ஒப்பிடுவதற்காக வளர்க்கும் கண்ட்ரோல் கூட்டம் வைக்கவில்லை. ஹெரிட்டபிலிட்டி (பறவைக்குப் பறவை எடை வேறுபடுவதில் மரபால் வரும் பங்கு) 0.3 என்று பழைய கட்டுரைகளில் இருந்து எடுத்து, எடையையும் வம்சாவளியையும் வைத்து ஒவ்வொரு பறவையின் மரபு மதிப்பைக் கணிக்கும் பிளப் முறையை ஓட்டி, ஒவ்வொரு தலைமுறைக்கும் மரபு மதிப்புகளின் சராசரியைப் போட்டுப் பார்த்ததில் மரபு முன்னேற்றம் 18 கிராம் என்று வந்தது. இப்போது ஆய்வேட்டைப் படித்த ஒருவர், இந்த 18-க்குப் பிழை எல்லை எங்கே, தெரியாததை ஒற்றை எண்ணாக இல்லாமல் நிகழ்தகவுப் பரவலாகத் தரும் பேயஸ் முறையில் செய்துவிட்டு வாருங்கள் என்கிறார். அப்படிச் செய்தால் உண்மையில் என்ன கிடைக்கும், வெறும் ஃபேஷனா என்று கேட்கிறீர்கள்.

ஃபேஷன் இல்லை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன சோதனை. உங்கள் தரவுக் கோப்பைத் திறந்து நான்காம் தலைமுறைக் காடைகள் அத்தனைக்கும் எடையில் 50 கிராம் கூட்டிவிட்டு, அதே பிளப் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். பொரிப்புத் தொகுதியையோ (ஒன்றாகப் பொரித்த குஞ்சுகள்) தலைமுறையையோ ஃபிக்ஸட் எஃபெக்டாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் தனி அளவு கொடுத்து, வைத்திருந்தால் (வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம்) மரபு முன்னேற்றம் அதே 18 கிராம்தான் வரும், ஒரு மில்லிகிராம்கூட மாறாது. கூட்டிய 50 கிராமை அந்தத் தலைமுறையின் எஃபெக்ட் அப்படியே விழுங்கிவிடும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 168-ல் இருந்து 195 வரை ஏறிய அந்த ஏற்றத்தை மாடல் பார்க்கவே இல்லை. ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் 18 எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு தலைமுறைக்குள்ளும் நீங்கள் தேர்ந்தெடுத்த பறவைகள் தங்கள் தொகுதியின் சராசரியைவிட எவ்வளவு கனமாக இருந்தன என்ற வித்தியாசம், அதோடு நீங்கள் கையால் ஊட்டிய 0.3, இந்த இரண்டில் இருந்துதான். தலைமுறைக்கு 12 கிராம் வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தலைமுறைக்கு 60. அதை 0.3-ஆல் பெருக்கினால் 18. பிளப் இதைவிட நுணுக்கமாக, உறவுகளையெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது, ஆனாலும் உங்கள் மாதிரி தலைமுறைகள் ஒன்றோடொன்று கலக்காத அமைப்பில் விடை ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கும். 0.2 கொடுத்திருந்தால் 12 கிராம் என்று சொல்லியிருக்கும். 0.4 கொடுத்திருந்தால் 24. மூன்றுக்கும் தரவு ஒன்றேதான். நாம் உள்ளே போட்டதைத்தான் அது திருப்பித் தருகிறது, அதைப் போய் சோதனையின் முடிவு என்று எழுதிவிடுகிறோம்.

பேயஸ் முறை முதலில் சரிசெய்வது இந்த இடத்தைத்தான். 0.3 என்ற ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு, ஹெரிட்டபிலிட்டி தெரியாத ஒன்று என்று ஒப்புக்கொண்டு, உங்கள் சொந்தத் தரவில் இருந்தே அதற்கு ஒரு பரவலை உண்டாக்குகிறது. ஒரே தந்தையின் குஞ்சுகள் ஒரே பொரிப்புக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன, கனமான பெற்றோரின் குஞ்சுகள் தங்கள் தொகுதியில் எவ்வளவு மேலே நிற்கின்றன, இதெல்லாம் அந்தப் பரவலுக்குள் போகும். உங்கள் அளவு தரவுக்கு 0.17-ல் இருந்து 0.45 வரை என்று வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி வந்தால் முன்னேற்றமும் பத்து கிராமில் இருந்து இருபத்தேழு கிராம் வரை விரியும். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் கையில் இருக்கும் அறிவு அவ்வளவுதான்.

ஆர்.இ.எம்.எல். (வேரியன்ஸை, அதாவது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, கணிக்கும் முறை) வைத்து ஹெரிட்டபிலிட்டியைத் தரவில் இருந்தே கணித்து, அதை பிளப்பில் போட்டால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 0.3-ஐக் கட்டுரையில் இருந்து எடுப்பதைவிட அது நல்லதுதான். ஆனால் கணித்த பிறகு அந்த எண்ணை உறுதியானதுபோல் பிளப்புக்குள் போடுகிறோம் இல்லையா, அங்கே அதன் நிச்சயமின்மை தொலைந்துபோகிறது. பிறகு தலைமுறைச் சராசரிகளை எடுத்து எக்செலில் ஒரு ரிக்ரஷன் கோடு போட்டு, அதன் ஸ்டாண்டர்ட் எரரை எழுதுவார்கள். அந்த எரருக்கு அர்த்தமே கிடையாது. மரபு மதிப்புகள் தனித்தனி அளவீடுகள் அல்ல, ஒன்றைத் தூக்கினால் அதன் அப்பா, அம்மா, பிள்ளை, அண்ணன் தம்பி எல்லாமே சேர்ந்து எழும் வலை அது. காட்டு விலங்குகளின் பரிணாமத்தைப் படிப்பவர்களும் இதையே நிறைய செய்துகொண்டிருந்தார்கள். 2010-ல் ஜாரட் ஹாட்ஃபீல்டும் கூட்டாளிகளும் த அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் இதழில் இந்தத் தவறைத் தனியாக எடுத்து எழுதிய பிறகுதான் அங்கே பழக்கம் மாறத் தொடங்கியது.

பண்ணை விலங்குகள் பக்கம் இந்தப் பாதை அதற்கு முன்பே திறந்துவிட்டது. இனவிருத்தியில் பேயஸ் சிந்தனையை ஜியானோலாவும் பெர்னாண்டோவும் 1986-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள், ஆனால் கணக்குப் போடத்தான் வழி இல்லாமல் இருந்தது. ஆயிரக்கணக்கான தெரியாத எண்களின் மேல் இன்டெக்ரேஷன் செய்ய வேண்டும், அதைக் காகிதத்தில் முடிக்கவே முடியாது. 1990-ல் கெல்ஃபாண்டும் ஸ்மித்தும் கிப்ஸ் சாம்ப்ளிங்கை (தெரியாத எண்களை ஒவ்வொன்றாகக் குலுக்கி எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்யும் முறையை) புள்ளியியல் உலகுக்குப் பெரிதாகக் கொண்டுவந்தார்கள், 1993-லும் 1994-லும் வாங், ரட்லெட்ஜ், ஜியானோலா அதை இனவிருத்தி மாடல்களுக்கு எடுத்து ஐபீரியப் பன்றிகள் ஒரு ஈற்றில் போடும் குட்டிகளின் எண்ணிக்கையில் போட்டுப் பார்த்தார்கள். அதே 1994-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சனும் யென்சனும், வாங், ஜியானோலாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். தேர்வால் வந்த மரபு மாற்றத்தைக் கிப்ஸ் சாம்ப்ளிங் வழியாக எப்படிக் கணிப்பது என்பதே அதன் பொருள்.

அதன் உயிர்நாடி ஒரே வரியில் அடங்கும்: முன்னேற்றம் என்பது மரபு மதிப்புகளில் இருந்து கழித்துக் கிடைக்கும் ஒரு அளவு, ஆகவே அதைச் சுற்றுக்குள்ளேயே கழிக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்து கழிக்கக் கூடாது.

சுற்று என்றால் என்ன என்று கிட்டே போய்ப் பார்ப்போம். கணினி ஒரு சுற்றைத் தொடங்கும்போது கையில் ஏதோ ஒரு மரபு வேரியன்ஸும் ஒரு எச்ச வேரியன்ஸும் (மாடலால் விளக்க முடியாத மிச்சம்) இருக்கும். அவற்றை உண்மை என்று அந்த நொடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு முதலில் பொரிப்பு எஃபெக்டுகளை இழுக்கும். பிறகு ஒவ்வொரு காடையிடமும் போகும். சிறகில் 1147 என்று பட்டை போட்ட ஒரு பெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த எடை தொகுதிச் சராசரியைவிட 9 கிராம் அதிகம், அப்பாவின் இப்போதைய மதிப்பு 4, அம்மாவின் மதிப்பு 1, அதற்குப் பிறந்த ஆறு குஞ்சுகள் ஒருமாதிரி சுமாராக இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து அதன் மரபு மதிப்பு எங்கே இருக்கலாம் என்று ஒரு நார்மல் பரவலைச் சொல்லும், அதில் இருந்து ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து எழுதும், சொல்லப்போனால் 3.2. இப்படி வம்சாவளியில் இருக்கும் அத்தனை பறவைக்கும், எடை போடாத மூதாதைகளுக்கும்கூட. எல்லாம் முடிந்ததும் இந்தப் புது மதிப்புகளைப் பார்த்து மரபு வேரியன்ஸைப் புதிதாக இழுக்கும், பிறகு எச்ச வேரியன்ஸை. ஒரு சுற்று முடிந்தது. எந்தப் பறவைக்கு எது எவ்வளவு சொந்தம் என்று சொல்லும் உறவு அணியின் தலைகீழை நேரடியாகவே எழுதிவிடலாம் என்று ஹென்டர்சன் 1976-ல் காட்டாமல் போயிருந்தால் இந்தச் சுற்றுகள் இன்றும் ஆமை வேகத்தில்தான் ஓடும்.

இப்போது அந்தச் சுற்றின் முடிவில், அந்தச் சுற்றில் இழுத்த மதிப்புகளை மட்டும் வைத்து, ஐந்தாம் தலைமுறையின் சராசரியில் இருந்து தொடக்கத் தலைமுறையின் சராசரியைக் கழியுங்கள். 14.6 வந்தது என்று எழுதிவையுங்கள். அடுத்த சுற்றில் 19.1 வரலாம், அதற்கடுத்து 11.8. ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகு உங்களிடம் இருப்பது முன்னேற்றத்தின் போஸ்டீரியர் பரவல், அதாவது தரவைப் பார்த்த பிறகு அது எங்கெங்கே இருக்கலாம் என்ற பரவல். வேரியன்ஸ் நிச்சயமாகத் தெரியாதது, ஃபிக்ஸட் எஃபெக்டுகள் தெரியாதது, பறவைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது, எல்லாமே அதற்குள் தானாக வந்துவிட்டன. தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் எரர் சூத்திரம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் எம்சிஎம்சிஜிஎல்எம்எம் தொகுப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அது தன் வழக்கப்படி மரபு மதிப்புகளைச் சேமிக்காது, வேரியன்ஸையும் ஃபிக்ஸட் எஃபெக்டையும்தான் வைத்துக்கொள்ளும். பிஆர் என்ற ஆப்ஷனை ட்ரூ என்று கொடுத்தால்தான் பறவைவாரியாக ஒவ்வொரு சாம்பிளும் கையில் வரும். அப்புறம் அது தானாக எடுத்துக்கொள்ளும் 13,000 சுற்று, அதில் தொடக்கத்தில் தூக்கியெறியும் 3,000, பத்துக்கு ஒன்று என்று மிஞ்சும் 1,000 சாம்பிள், இது பறவைக்குப் பறவை மரபு மதிப்பு வைக்கும் இந்த மாதிரி விலங்கு மாடலுக்கு அநேகமாகப் போதாது. மரபு வேரியன்ஸ் மெதுவாகத்தான் அசையும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சுற்றுக்குச் சுற்று அது எப்படி நகர்ந்தது என்று காட்டும் ட்ரேஸ் படத்தைப் போட்டுப் பாருங்கள். கம்பளிப்பூச்சி மாதிரி அடர்த்தியாக, மேலும் கீழுமாக ஒரே உயரத்தில் ஓடினால் சரி. மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கினால் இன்னும் ஓடவிடுங்கள், ஒரு ராத்திரி முழுக்க ஓடினாலும் பரவாயில்லை.

பிரையர் (தரவைப் பார்க்கும் முன்பே வேரியன்ஸுக்குக் கொடுக்கும் பரவல்) பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம், ஆனால் சோம்பலும் கூடாது. எதுவும் தெரியாததுபோல் நடிக்கும் சில பிரையர்களில் போஸ்டீரியரே சரியான பரவலாக அமையாமல் போகும், கணினியோ எதுவும் நடக்காததுபோல் எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஹோபர்ட்டும் கசெல்லாவும் 1996-ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எல்லோரும் நகலெடுத்துப் போடும் அந்த 0.002 பிரையர், சின்னத் தரவில் மரபு வேரியன்ஸைப் பூஜ்யத்துப் பக்கம் இழுக்கலாம். ஆகவே இரண்டு மூன்று வேறு பிரையர்களோடு ஓட்டி, முன்னேற்றத்தின் பரவல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகரவில்லை என்றால் தரவு பேசுகிறது. நிறைய நகர்ந்தால் தரவில் சத்து குறைவு, அதையும் ஆய்வேட்டில் அப்படியே எழுதுங்கள்.

மாடலில் தாயை மறக்காதீர்கள். காடையில் முட்டையின் பருமன் குஞ்சின் ஆரம்ப எடையை நன்றாகவே தள்ளும். ஒரே தாயின் குஞ்சுகள் ஒரே மாதிரி முட்டையில் இருந்து வந்ததால் ஒத்திருக்கும், அதை மரபு என்று மாடல் எண்ணிவிட்டால் ஹெரிட்டபிலிட்டி வீங்கும். ஹெரிட்டபிலிட்டி வீங்கினால் முன்னேற்றமும் வீங்கும், மேலே போட்ட பெருக்கலை நினைவில் வையுங்கள். தாய்க்கு ஒரு ரேண்டம் எஃபெக்ட் (தாய்க்குத் தாய் மாறும் பங்கைத் தனியாகப் பிரிக்கும் பகுதி) கண்டிப்பாக வேண்டும்.

இதைவிட முக்கியம், தேர்வாகாமல் ஒதுக்கிய பறவைகளின் எடை. தேர்வு நடந்த தரவில் தேர்வின் பாதிப்பைத் தனியாகத் திருத்தத் தேவையில்லை என்று பேயஸ் முறை சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: எந்தத் தகவலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்களோ அது முழுவதும் கணக்கில் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பண்ணையின் எடை நோட்டுகளோடு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் ஒவ்வொரு பொரிப்புக்கும் நூற்றைம்பது வரிசை, அதில் வைத்துக்கொண்ட பறவைகளுக்கு எதிரே சிவப்பு டிக், மற்றவை பென்சிலால் அடித்துவிட்டது. கணினியில் ஏற்றியவர் டிக் போட்டவற்றை மட்டும் ஏற்றியிருந்தார், மற்றவைதான் போய்விட்டனவே என்று. அந்தக் கோப்பை வைத்துக் கணக்குப் போட்டபோது முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று வந்தது, அதை நம்பி ஒரு வாரம் மனம் உடைந்து இருந்தேன். எந்தப் பறவை எதைவிடக் கனமாக இருந்ததால் தேர்வானது என்ற தடயமே அந்தக் கோப்பில் இல்லை. பென்சிலால் அடித்த வரிசைகளை ஒவ்வொன்றாக ஏற்றிய பிறகுதான் கணக்குக்கு உயிர் வந்தது. உங்கள் நோட்டில் அடித்த வரிசைகள் இருந்தால் அழிக்காமல் பத்திரமாக வையுங்கள்.

சரி, இவ்வளவும் செய்து போஸ்டீரியர் முழுவதும் பூஜ்யத்துக்கு மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தேர்வால் வந்ததா? இன்னும் சொல்ல முடியாது. சின்னக் கூட்டத்தில் தேர்வே செய்யாவிட்டாலும் மரபுச் சராசரி தானாக நகரும், அதுதான் ட்ரிஃப்ட். தலைமுறைக்கு 10 சேவலும் 40 பெட்டையும் வைத்திருந்தால் பயனுறு எண்ணிக்கை (மரபு நகர்வுக்கு உண்மையில் எத்தனை பறவைக்குச் சமம் என்ற எண்) நான்கு பெருக்கல் 10 பெருக்கல் 40, வகுத்தல் 50, அதாவது 32. மரபு வேரியன்ஸ் 60 என்றால் ஐந்து தலைமுறையில் ட்ரிஃப்டால் மட்டும் வரும் வேரியன்ஸ் ஏறக்குறைய 5 பெருக்கல் 60 வகுத்தல் 32, ஒன்பது சொச்சம், அதன் வர்க்கமூலம் சுமார் 3 கிராம். அதாவது யாரும் எதையும் தேர்ந்தெடுக்காமலேயே கூட்டம் ஆறு கிராம் மேலேயோ கீழேயோ போயிருக்கலாம். நல்ல குடும்பங்களில் இருந்தே திரும்பத் திரும்பப் பறவை எடுத்திருந்தால் பயனுறு எண்ணிக்கை 32-க்கும் கீழே இறங்கும், நகர்வு இன்னும் கூடும்.

இதற்கும் அழகான வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்த மரபு வேரியன்ஸை எடுத்து, உங்கள் அதே வம்சாவளியின் வழியாக, எடைகளைப் பார்க்காமல், மரபு மதிப்புகளைத் தலைமுறை தலைமுறையாக உதிர்த்துப் பாருங்கள். அதே ஆர் தொகுப்பில் இதற்கென்றே ஆர்பிவி என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதில் கிடைக்கும் முன்னேற்றம் வெறும் ட்ரிஃப்ட். சுற்றுக்குச் சுற்று உண்மைப் போஸ்டீரியரின் முன்னேற்றம் இந்த ட்ரிஃப்ட் முன்னேற்றத்தைவிட எத்தனை தடவை பெரிதாக வருகிறது என்று எண்ணுங்கள். நூற்றுக்கு 97 தடவை என்றால் அந்த 97-ஐ அப்படியே எழுதுங்கள், பி வேல்யூவாக மாற்றத் தேவையில்லை.

அப்படியே நிகழ்தகவாகச் சொல்ல முடிவதுதான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. ஒரு கோழிப் பண்ணைக்காரரிடம் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். தலைமுறைக்கு 2 கிராமாவது உண்மையில் ஏறியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அவர் கேட்டால், தலைமுறைக்கு 2 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து தலைமுறைக்கு 10 கிராமுக்கு மேல் வந்த சாம்பிள்களை எண்ணி, 88 சதவீதம் என்று நேராகச் சொல்லலாம். ஸ்பெயினில் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் அகுஸ்தின் பிளாஸ்கோ இதை வற்புறுத்திச் சொல்லிவருகிறார்: பூஜ்யமா இல்லையா என்பது யாருக்கும் வேண்டாத கேள்வி, பொருட்படுத்தத் தக்க அளவா என்பதைக் கேளுங்கள் என்பது அவர் வழி. 80 சதவீத வாய்ப்போடு குறைந்தது இவ்வளவு என்று ஒரு உத்தரவாத மதிப்பையும் இதே பரவலில் இருந்து எடுக்கலாம்.

அதே வலென்சியாக் குழுவின் முயல் சோதனையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கச் சினைப்பையை நீக்கிய பெண் முயல்களில் கருப்பையின் கொள்ளளவுக்காகப் பத்துத் தலைமுறை தேர்வு செய்தார்கள், ஒரு வழி மேல்நோக்கி, இன்னொரு வழி கீழ்நோக்கி. இரண்டையும் ஒரே காலத்தில் ஒரே கொட்டகையில் வளர்ப்பதால் தீவனமும் வெயிலும் இரண்டுக்கும் பொது, வித்தியாசம் எடுத்தால் சூழல் கழிந்துபோகும். அது போதாதென்று, தொடக்கக் கூட்டத்தின் கருக்களை உறைய வைத்துப் பாதுகாத்து, பின்னால் உருக்கி, தேர்வு செய்த முயல்களோடு சேர்த்து வளர்த்துக் கண்ட்ரோலாகவும் பயன்படுத்தினார்கள். பேயஸ் முறையை இவ்வளவு ஆழமாகத் தெரிந்தவர்களே கண்ட்ரோலை விடவில்லை. நீங்கள் 50 கிராம் கூட்டிப் பார்த்த சோதனைதான் அதற்குக் காரணம். கண்ட்ரோல் இருந்தால் பொரிப்பு எஃபெக்டைக் கண்ட்ரோல் பறவைகளே தாங்கிக்கொள்ளும், தேர்வுக் கூட்டத்தின் ஏற்றம் மாடலின் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும், ஹெரிட்டபிலிட்டியின் மேல் முழுப் பாரமும் விழாது. கண்ட்ரோல் இல்லாத இடத்தில் பேயஸ் முறை புதிதாகத் தகவல் எதையும் படைக்காது. இல்லாததை இருப்பதாகக் காட்டாது, அதுவரைதான்.

இடையில் ஒன்று: பேயஸ்ஏ, பேயஸ்பி என்று தேடலில் நிறைய வரும். அவை 2001-ல் மூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் கொண்டுவந்த ஜீனோம் மார்க்கர் (டிஎன்ஏ-வில் உள்ள அடையாளப் புள்ளி) முறைகள். மார்க்கர் எஃபெக்டுகளுக்கு எந்த பிரையர் என்பதுதான் அங்கே பேச்சு. உங்களிடம் வம்சாவளியும் எடையும் மட்டும் இருப்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஐந்தாம் தலைமுறைப் பெற்றோர் இன்னும் கூண்டில் இருக்கிறார்களா? நான்காம் தலைமுறையில் சிலராவது உயிரோடு இருந்தால், விற்றுவிடாமல், இரண்டு தலைமுறைப் பெற்றோரின் முட்டைகளையும் ஒரே நாளில் ஒரே இன்குபேட்டரில் வையுங்கள். காடை பதினேழு, பதினெட்டு நாளில் பொரிந்துவிடும், அங்கிருந்து நான்கு வாரத்தில் எடை. மொத்தம் ஏழு வாரம்கூட ஆகாது. வயதான பெட்டையின் முட்டை அளவு வேறு என்பதால் முட்டை எடையையும் குறித்துக்கொள்ளுங்கள், மாடலில் சேர்க்க வேண்டும். நாற்பது ஐம்பது குஞ்சு கிடைத்தாலும் போதும், இரண்டு தலைமுறையும் ஒரே தொகுதிக்குள் வந்துவிடுவதால் இவ்வளவு நாள் அறுந்து கிடந்த கயிற்றில் ஒரு முடிச்சு விழும். அந்த வரிசைகளையும் கோப்பில் சேர்த்து ஓட்டுங்கள். அப்புறம் நான்காம் தலைமுறைப் பெற்றோரின் அந்தக் குஞ்சுகளுக்கு மட்டும் 50 கிராம் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். இந்த முறை எண் மாறும்.